பெயிலாகாத கார்

ஊரில் சென்றிகளை, அந்த ராணுவச் சோதனைச்சாவடிகளை, தாண்டி வளர்ந்தவர்களுக்கு ஒரு குணம் உண்டு. எந்த நாளும் ஒரு கேள்வியும் இல்லாமல் தாண்டிப் போகிறவனை அவர்கள் நம்பமாட்டார்கள். நாங்களெல்லாம் வெயிலில் வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்ற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் சைக்கிளை விட்டு இறங்காமலே போனானென்றால், பின்னேரத்துக்கிடையில் ஒழுங்கை முழுக்கக் கதை பரவிவிடும். "உவனை மட்டும் ஏன் மறிக்கேல்லை?" மறிபட்டவன் எங்கள் ஆள். மறிபடாதவன் யாருடைய ஆள் என்று யாருக்குத் தெரியும்?

இந்தக் குணத்தோடுதான் நான் கனடாவில், ரொறொன்ரோவில் வந்து இறங்கினேன். அதன் ஸ்காபரோப் பகுதியில் எத்தனையோ வருசம் இருந்தும் அது என்னை விட்டுப் போகவில்லை. மனிதரை மட்டுமில்லை, காரையும் அப்படித்தான் பார்ப்பேன்.

எங்களிடம் முதலில் ஒரு பழைய வான் இருந்தது. இரண்டு வருசத்துக்கு ஒருமுறை புகைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருநாளாவது அது முதல்தரம் பாஸ் பண்ணியது கிடையாது. என் கணவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார். பிறகு அதைக் கழற்றி, இதை மாற்றி, திரும்பக் கொண்டுபோனால் ஒருமாதிரி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாஸ் பண்ணும். ஆனால் அந்த வானில் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது. வீட்டில் இருக்கிற வருத்தக்காரர் மாதிரி, எப்போது இருமும், எப்போது படுக்கும் என்று எல்லாம் எங்களுக்குத் தெரியும். யுத்தம் முடிந்த வருசத்தின் தொடக்கத்துக் குளிர்காலத்தில், ரோட்டில் கொட்டிய உப்பு அதன் அடித்தகட்டைத் தின்று முடித்தது. என் கால்மாட்டில் விழுந்த ஓட்டை வழியாக ரோடு ஓடுவது தெரிந்தது. பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டோம். அதை இழுத்துக்கொண்டு போனபோது எனக்கு அழுகையே வந்தது.

அப்போது நான் ஸ்காபரோவுக்கு வெளியே விட்பியில் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வான் போனபிறகு, பக்கத்துச் சனத்தை வேலைக்கு ஏற்றிப்போகிற ஒருவரின் வானில் தொற்றிக்கொண்டு போய்வந்தேன். சித்திரை பிறந்ததும் அவர் சொல்லிவிட்டார்: "தங்கச்சி, இனி விட்பிப் பக்கம் ஓடேலாது. சனத்தை டவுன்ரவுனுக்கு ஏத்தவேணும்." அந்த நாட்களில் போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் கொடிகளோடும் படங்களோடும் நகரத்தின் நடு ரோட்டில் இருந்தது. வன்னிக்குள் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அவரோடு நான் எந்த வாயால் சண்டை பிடிக்க? பஸ்ஸில் மாறி மாறிப் போய் இரண்டு தரம் வேலைக்குப் பிந்தினேன். மூன்றாந்தரம் பிந்தினால் வரவே வேண்டாம் என்று சுப்பவைசர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களை நான் அறவே நம்புவதில்லை. கார் இல்லையென்றால் வேலை இல்லை என்று விளங்கிவிட்டது.

என் கணவர் எனக்கு நேர் எதிர். யார் என்ன சொன்னாலும் "அப்பிடியோ" என்று கேட்டுக்கொள்கிற மனிசன். வேலை முடிந்ததும் டவுன்ரவுன் போய், பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஒருநாள் வரும் வழியில் தமிழ்க் கடைக்கு மரக்கறி வாங்கப் போனவர், கத்தரிக்காயை மறந்துவிட்டுத் துள்ளிக்கொண்டு வந்தார்.

"இஞ்சாரும், கார் சரி. கடைக் கண்ணாடியிலை ஒட்டியிருக்கு. ஒரே ஆள் ஓடின கார். அந்த மொடல் சாகாது எண்டு ஊரே சொல்லுது."

"கண்ணாடியிலை எந்த இடத்திலை ஒட்டியிருந்தது?"

"ரெண்டு மரண அறிவித்தலுக்கு நடுவிலை."

"நல்ல இடமாத்தான் பாத்து ஒட்டியிருக்கிறார்."

"உமக்கு எல்லாத்திலையும் சந்தேகம்."

அந்த மொடலின் புகழ் எனக்கும் தெரியாததல்ல. ஜப்பான்காரன் செய்த நாலு கதவுக் கார். அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் எந்தத் தமிழ்க் கலியாண மண்டபத்து வாசலைப் பார்த்தாலும் பாதிக்குப் பாதி அதுதான் நிற்கும். தங்கள் கார் என்று நினைத்து மற்றவருடைய காரின் கதவில் திறப்பைப் போட்டு ஆட்டுகிறவர்களை நானே கண்டிருக்கிறேன். ஒயிலை மாற்றினால் போதும், பேரப்பிள்ளை காலம் வரைக்கும் ஓடும் என்பார்கள். சோதனைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் எட்டியும் பாராமல் பாஸ் எழுதுவான் என்பார்கள். இதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஆட்கள் நாலு பேர் ஒன்றுகூடி ஒரு கோயில் நிர்வாகத்தைப் பற்றிக்கூட ஒரே கருத்தைச் சொல்லமாட்டார்கள். காரைப் பற்றி மட்டும் சொல்லிவைத்ததுபோல் எல்லாரும் ஒன்றையே சொல்வதென்றால்?

காரின் சொந்தக்காரர் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் தனியே குடியிருந்தார். ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த மனிசர். பிக்கரிங்கில் ஒரு பெரிய கடையில் துப்புரவு வேலை. கலியாணம் கட்டவில்லை. எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்தார். அறை, ஆஸ்பத்திரி அறை மாதிரி ஒழுங்காக இருந்தது.

"ஏன் அண்ணை விக்கிறியள்?" என்று கேட்டேன்.

"ஊருக்குப் போகவேணும் தங்கச்சி. அக்கா வன்னிக்குள்ளை அம்பிட்டுப்போனா. எனக்கெண்டு இருக்கிறது அவ ஒராள்தான். போன வருசத்திலை இருந்து சத்தம் இல்லை. காரை வித்தால்தான் நான் வெளிக்கிடலாம். போய்த் தேடிப் பாக்கவேணும்."

என் கணவரின் கண் கலங்கிவிட்டது. எனக்கு வேறு யோசனை ஓடியது. உலகத்துத் தமிழரெல்லாம் அங்கேயிருந்து ஒருவரையாவது வெளியே எடுக்க முடியாதா என்று தலையால் நடக்கிற நேரத்தில், இவர் உள்ளே போகப் போகிறாராம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று, அந்த நாட்களில் சனத்தின் அழுகையைக் காட்டி வியாபாரம் செய்தவர்களும் இருந்தார்கள். அக்கா ஒருத்தி உண்மையாகவே இருக்கிறாவோ, அல்லது பழுதான காரை எங்கள் தலையில் கட்டுவதற்கு ஒரு கண்ணீர்க் கதையோ? அதை அறியாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

கார் வெளியே சாம்பல் நிறத்தில் மினுங்கிக்கொண்டு நின்றது. நான் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த பிள்ளையார் காந்தத்தைக் கழற்றிக் கைப்பையில் கொண்டு போயிருந்தேன். அடிபட்ட இடத்தைப் பசை பூசி மறைத்திருந்தால் அங்கே காந்தம் பிடிக்காது. கதவு கதவாக, மூலை மூலையாகப் பிள்ளையாரை வைத்துப் பார்த்தேன். எல்லா இடமும் பிடித்துக்கொண்டு நின்றார். கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் மணக்கும் என்பார்கள், சீட்டில் மூக்கை வைத்து மணந்தேன். சந்தனக்குச்சி வாசம் வந்தது. என் கணவர் வெட்கத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிசர் மட்டும் நான் எதையாவது கண்டுபிடித்துவிடுவேன் என்று ஆசையோடு காத்திருப்பதுபோல் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

"சோதனையள் எப்பிடி அண்ணை? ஏதும் பிரச்சினை வந்ததோ?"

"பாஸ்," என்றார். "எல்லா முறையும் பாஸ்."

செத்தவீட்டுச் செய்தி சொல்கிறவர் மாதிரித்தான் சொன்னார். விற்கிறவன் அதை நெஞ்சை நிமிர்த்தியல்லவா சொல்லவேண்டும்?

ஓடிப் பார்க்கப் போனோம். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் இருந்தார், என் கணவர் பின்னால்.

"பிரேக்கிலை ஒரு கீச்சுச் சத்தம் கேக்குதோ தங்கச்சி?"

"இல்லையே அண்ணை."

"வலப்பக்கம் இழுக்கிற மாதிரி இல்லையோ?"

"நேராத்தான் போகுது."

"ம்... சரி," என்றார். குரலில் ஒரு சோர்வு.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் தொடங்கிவிட்டார். "எவ்வளவு நேர்மையான மனிசன். தன்ரை காரின்ரை பிழையைத் தானே சொல்லுறார்."

"இல்லாத பிழையைச் சொல்லுறவர் இருக்கிற பிழையை மறைக்கிறார்," என்றேன்.

"பேய்க்கதை கதையாதையும்."

ஆனாலும் கார் எனக்கு வேண்டும். வாங்குகிறேன் என்றும், சேஃப்டி எடுக்கும்போது நானும் கூட நிற்பேன் என்றும் அவருக்குச் சொன்னேன். எங்கள் மாகாணத்தில் காரைக் கைமாற்றும்போதுதான் இந்த சேஃப்டிச் சோதனை வேண்டும். மெக்கானிக் பிரேக், டயர், விளக்கு எல்லாம் பார்த்து, ரோட்டில் ஓடலாம் என்று எழுதித் தருவான். அது ஒரு மாதம் சொச்சந்தான் செல்லும். அதற்குள் விற்காவிட்டால் எடுத்தது வீண். அதனால் விற்கப் போகிறவன்தான் சேஃப்டி எடுப்பான், சும்மா ஒருவரும் எடுப்பதில்லை.

நான் சொன்ன நாளிலிருந்து அவர் பின்னடிக்கத் தொடங்கினார். இந்தச் சனி இல்லை, வாற சனி. மெக்கானிக்குக் காய்ச்சல். தனக்கு மேலதிக வேலையாம். கார் வேண்டும் என்று அவசரப்படுகிறவள் நான். அக்காவைத் தேடிப் போகவேண்டும் என்று அவசரப்படவேண்டியவர் அவர். அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. எனக்கு நித்திரை குறைந்தது. ஒருபக்கம் ரேடியோவில் வன்னிச் செய்தி, மறுபக்கம் இந்தக் கார். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையை வேறு ஆளிடம் விட்டுவிட்டு விட்பிப் பக்கம் நாலு நாள் என்னை ஏற்றி இறக்கினாள். இனி அவளிடமும் கேட்க முடியாது. கடைசியில் போனைப் போட்டுக் கத்திவிட்டேன். "அண்ணை, நாளைக்குக் காலமை கராஜுக்கு வாறியளோ, இல்லாட்டி நான் வேறை கார் பாக்கட்டோ?" "வாறன் தங்கச்சி," என்றார்.

கராஜ், வரிசையாக நின்ற பழைய கட்டடங்களின் பின்பக்கத்தில் இருந்தது. மெக்கானிக் எங்கள் பெடியன்தான், முப்பது வயது இருக்கும். என்னைக் கண்டதும், "அன்ரி, உங்கை நிக்கக்கூடாது, இன்சூரன்ஸ் பிரச்சினை," என்றான். எனக்கு அப்போது நாற்பதும் ஆகவில்லை. அன்ரியாம்!

"நான் நிப்பன். நீர் உம்மடை வேலையைப் பாரும்," என்றேன்.

காரை உயர்த்திவிட்டு, கீழே போய், விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். எனக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினான் என்று நினைக்கிறேன்.

"இதை நான் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போடுவன் அன்ரி. வருசா வருசம் நான்தானே இதுக்கு சேஃப்டி போடுறனான்."

"வருசா வருசமோ?"

"ஓம். ஒவ்வொரு சித்திரையும் அங்கிள் கொண்டருவார். பாஸ் எண்டு குடுப்பன். பிறகு விக்கமாட்டார். அடுத்த சித்திரைக்குத் திரும்ப வருவார்."

விற்கப் போகிறவன்தான் சேஃப்டி எடுப்பான். அப்படியென்றால் இந்தக் காரை ஒவ்வொரு வருசமும் யாரோ வாங்க வந்திருக்கிறார்கள், யாரோ எதையோ கண்டு ஓடியிருக்கிறார்கள். என்னத்தைக் கண்டார்கள்? பெடியனும் கூட்டோ? எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களுக்கு எழுதிக் கொடுக்கிற பாஸுக்கு என்ன மதிப்பு?

பெடியன் கையைத் துடைத்துக்கொண்டு எழுதுவதற்காக உள்ளே போனான். சிறிய கந்தோர் அறை, பாதிக் கண்ணாடி. அந்த மனிசர் அங்கேதான் இருந்தார். பெடியன் போனதும் எழும்பி, அவன் காதுக்குள் குனிந்து எதையோ கெஞ்சுவது கண்ணாடியால் தெரிந்தது. பிடித்தேன் என்று நினைத்தேன். பழுதை மறைக்கச் சொல்கிறார். சப்பாத்துச் சத்தம் கேளாமல் நடந்து போய்க் கதவருகே நின்றேன்.

"தம்பி, இந்த ஒருமுறை. பெயில் எண்டு எழுது."

"அங்கிள், உதிலை ஒரு குறையும் இல்லை. என்னத்துக்குப் பெயில் போட? பொய் எழுதினால் என்ரை லைசன்ஸ் போம்."

"பிரேக் எண்டு போடு. பிரேக் எண்டால் ஆரும் கேள்வி கேக்கமாட்டினம்."

நான் ஒரு மாதமாக வாய்க்குள் உருட்டி வைத்திருந்த வசை ஒன்று இருந்தது. எங்கடை சனத்தையே ஏமாத்துற நீங்களெல்லாம் ஒரு மனிசரோ என்று தொடங்குவது. அது தொண்டையில் நின்றுவிட்டது. ஆனால் கோபம் நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"அண்ணை, உங்களுக்கு விசரோ? விக்க விருப்பம் இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுறதுக்கு என்ன? நல்ல காரைப் பெயிலாக்கி என்னைப் பைத்தியக்காரியாக்கவோ பாக்கிறியள்? அக்கா எண்டு ஒராள் இருக்கிறாவோ, அதுவும் பொய்யோ?"

அவர் ஒயில் பிடித்த கதிரையில் அப்படியே இருந்துவிட்டார்.

"அக்கா இருக்கிறா," என்றார். "இருக்கிறாவோ தெரியாது. இருந்தவ."

பெடியன் பேனையை வைத்துவிட்டான். அந்த மனிசர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சில வருசத்துக்கு முன், போர்நிறுத்தச் சமாதான காலத்தில் பாதை திறந்தபோது இங்கேயிருந்து எல்லாரும் ஊருக்குப் போனார்கள். அக்கா கொமினிக்கேசன் கடைக்கு வந்து போன் எடுத்து, "வாவன் தம்பி, உன்னைப் பாத்து எவ்வளவு காலம்," என்றாவாம். "காரை வித்துப்போட்டு வாறன் அக்கா," என்று இவர் சொன்னார். சேஃப்டி எடுத்தார், பாஸ். வாங்கவும் ஆள் வந்தது.

"அப்பதான் பயம் பிடிச்சுது தங்கச்சி. போற வழியிலை ஆமி, இயக்கம் எண்டு ரெண்டு பக்கமும் மறிப்பாங்கள். ஒரு பக்கம் ஏன் வந்தனீ எண்டு கேப்பான். மற்றப் பக்கம் ஏன் ஓடினனீ எண்டு கேப்பான். என்னட்டை ரெண்டுக்கும் பதில் இல்லை. அக்காட்டைப் பயம் எண்டு சொல்ல வெக்கம். கார் பெயில் அக்கா, விக்கேலாது, வாற வருசம் வாறன் எண்டு சொன்னன். அடுத்த வருசமும் வெளிக்கிட்டன். உண்மையாத்தான் வெளிக்கிட்டன். திரும்பவும் பாஸ். திரும்பவும் பயம். திரும்பவும் பெயில் எண்டு சொன்னன்."

"பிறகு?"

"அவவுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? சின்னனிலை நான் சோதினை பெயில்விட்டால் கவலைப்படுற மாதிரிக் கவலைப்பட்டா. பிள்ளையாருக்கு நேத்தி வச்சவ. ஒவ்வொரு சித்திரைக்கும் தேங்காய் அடிச்சவ, தம்பியின்ரை கார் பாஸ் பண்ணவேணும் எண்டு."

பெடியன் சிரிக்கத் தொடங்கி, வாயை மூடிக்கொண்டான்.

"அவ அடிச்ச தேங்காயெல்லாம் பலிச்சுது," என்றார். "நாசமாப் போன கார் ஒருமுறையும் பெயிலாகேல்லை. ஒரே ஒருமுறை உண்மையாப் பெயிலாகியிருந்தால், நான் அவவுக்குச் சொன்னதிலை ஒண்டாவது பொய்யில்லை எண்டு இருந்திருப்பன்."

"இப்ப ஆருக்குச் சொல்லப் பெயில் போடச் சொல்லுறியள்? அக்காதான் போனிலை இல்லையே."

"எனக்குத்தான்," என்றார்.

அட, என் மூக்கு பிழைக்கவில்லை. பொய் ஒன்று இருந்ததுதான். அது எனக்குச் சொன்ன பொய் இல்லை, அவ்வளவே. எனக்கு அவரில் இரக்கமும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குக் கோபந்தான் வெளியே வரும்.

"பாஸ் எண்டு எழுதும் தம்பி," என்றேன் பெடியனிடம். "இந்த முறை கார் விலைப்படும். நான் வாங்குறன். இவர் போய் அக்காவைத் தேடட்டும்."

பெடியன் எழுதினான்.

கார் என் பேருக்கு மாறிய சில நாட்களில் வன்னியில் எல்லாம் முடிந்தது என்று செய்தி வந்தது. முடிந்தது என்று சொன்னவர்களையும் நான் நம்பவில்லை, முடியவில்லை என்று சொன்னவர்களையும் நம்பவில்லை. என் கணவர் பதாகையை மடித்துக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றாமல் நெடுநேரம் இருந்தார். எதையும் நம்புகிற அந்த மனிசனின் முகத்தை அன்றைக்குப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. புதுக் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோனபோது அங்கே பூசைக்கு வந்தவர்களைவிட அழ வந்தவர்கள்தான் அதிகம். சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்கக் குனிந்தேன். கூட வந்திருந்த அந்த மனிசர் மறித்தார். "வேண்டாம் தங்கச்சி. இந்தக் காருக்கு அக்கா அடிச்ச தேங்காயே காணும்." நான் தேசிக்காயைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

காரை விற்றுவிட்டு அவர் பிக்கரிங்குக்கு எப்படி வேலைக்குப் போவார்? விட்பிக்குப் போகிற வழிதானே பிக்கரிங். காலையில் நானே அவரை ஏற்றி, கடை வாசலில் இறக்கிவிட்டுப் போகத் தொடங்கினேன். தன் காரிலேயே பக்கத்துச் சீட்டில் இருந்துகொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து வருவார். நானும் நாள் தவறாமல் கேட்பேன்.

"அண்ணை, ரிக்கற் எடுத்தாச்சோ?"

பாஸ்போட் படம் சரிவரவில்லையாம். கடையில் லீவு தரமாட்டார்களாம். போனவர்களை விமான நிலையத்திலேயே விசாரிக்கிறார்களாம். ஒருநாள், "முகாம் முகாமா அடைச்சு வச்சிருக்கிறாங்கள். எந்த முகாம், இருக்கிறாவோ இல்லையோ எண்டு தெரியாமல் போய் என்ன செய்ய?" என்றார். அது நியாயமான கேள்வி. ஆனால் நியாயமான காரணங்களைத்தான் நான் எப்போதும் கூடுதலாகச் சந்தேகிப்பேன். எல்லாச் சென்றியையும் இலகுவாகத் தாண்டி வருகிற காரணம் அது.

ஆடி மாதம் ஒரு காலை, ஹைவேயில் போய்க்கொண்டிருந்தோம். அவருடைய போன் அடித்தது. எடுத்து நம்பரைப் பார்த்தார், நீளமான நம்பர். காதில் வைத்தார். தூரத்தில் இருந்து பேசுகிறவர்கள் தூரத்துக்குக் கேட்கவேண்டும் என்று கத்துவார்கள் அல்லவா, அப்படி ஒரு பெண்குரல் காருக்குள் நிறைந்தது.

"தம்பி! நான்தானடா."

"அக்கா," என்றார்.

"உயிரோடை இருக்கிறன். முகாமிலை. இது ஒரு பிள்ளையின்ரை போன், ஒளிச்சுத் தந்தவள், கெதியாக் கதைக்கவேணும். நீ எப்பிடி இருக்கிறாய்? சாப்பிடுறியோ?"

"ஓம் அக்கா. ஓம்."

எனக்கு ரோடு கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். பக்கத்து லொறிக்காரன் என்ன நினைத்தானோ.

"கார் என்ன மாதிரி?" என்று அந்தக் குரல் கேட்டது. "இந்த முறை பாஸ் பண்ணினதோ?"

நான் திரும்பிப் பார்த்தேன். பாஸ் பண்ணி, விலைப்பட்டு, என் பேருக்கு மாறிய அந்தக் காருக்குள்ளே அவர் இருந்தார். அக்கா எங்கே என்று தெரியாது என்ற காரணமும் இந்த நிமிசத்தோடு போய்விட்டது.

"இல்லை அக்கா," என்றார். "பெயில்."

"சரி, அதுக்கேன் அழுறாய்?" என்றா அந்த மனிசி. "இந்த முறை நான் தேங்காய் அடிக்கேல்லைத்தானே. இஞ்சை கோயிலும் இல்லை, தேங்காயும் இல்லை. எங்களை வெளியிலை விட்டவுடனை அடிக்கிறன். நீ ஒண்டுக்கும் யோசியாதை, என்ன?"

தொடர்பு அறுந்துவிட்டது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

ஹைவேயிலிருந்து பிக்கரிங்குக்கு இறங்குகிற வழி வந்தது. இறங்கினேன். கடைப் பக்கம் திரும்பாமல், மேலே பாலத்தால் சுற்றி, வந்த திசைக்கே காரைத் திருப்பினேன்.

"எங்கை போறாய் தங்கச்சி? கடை அங்காலை."

"ஸ்காபரோவுக்கு. ரிக்கற் எடுக்க."

"உனக்கு வேலைக்குப் பிந்தப்போகுது."

"ஓம். மூண்டாந்தரம்," என்றேன். "வேலை போனால் போகட்டும். நான் வேறை ஒண்டு தேடுவன்."

ஹைவேயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கில் நின்றோம். அவருடைய கை மெல்ல மெல்லக் கதவுப் பிடியை நோக்கிப் போவதைக் கண்டேன். என் பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன். நாலு கதவும் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டன. அந்தக் காரில் எனக்கு அன்றைக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. அவரில் இன்னும் வரவில்லை.